காற்று போன பிறகும் 80 கிலோமீட்டர்

புதிதாக வாங்கிய காரின் டிக்கியைத் திறந்து, அடித்தட்டைத் தூக்கிப் பார்க்கிறவர்கள் பலர் இப்போது திகைத்துப்போகிறார்கள். ஸ்டெப்னி இருக்கவேண்டிய குழியில் ஸ்டெப்னி இல்லை. ஜாக்கியும் இல்லை. சில கார்களில் கையடக்கமான ஒரு காற்றடிக்கும் கருவியும் ஒரு பாட்டில் வெள்ளைத் திரவமும் இருக்கின்றன. சிலவற்றில் அதுவும் கிடையாது. கேட்டால், "இது ரன்-ஃபிளாட் டயர் சார், காற்று போனாலும் 80 கிலோமீட்டர் ஓடும்" என்கிறார்கள் ஷோரூமில். அந்தப் பதில் உண்மைதான். ஆனால் அது பல கேள்விகளைக் கிளப்பிவிடுகிறது. காற்று போனால் சாதாரண டயர் இரண்டு தெரு தாண்டுவதற்குள் நார்நாராகிவிடுகிறதே, இது மட்டும் எப்படி ஓடுகிறது? அவ்வளவு நல்ல டயர் என்றால் எல்லாக் கார்களிலும் ஏன் அதைப் போடவில்லை? நாலைந்து ஆண்டில் டயர் தேய்ந்து மாற்றும் நேரம் வரும்போது, ஸ்டெப்னியே இல்லாத காருக்கு விலை கூடிய அதே டயரை மறுபடி வாங்குவதா, சாதாரண டயருக்கு மாறுவதா?

இந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் இந்த அத்தியாயம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களுக்கு நல்ல சாதாரண டயர், காற்றழுத்தத்தைக் காட்டும் உணரி, பஞ்சர் போடும் சாமான், ஒரு மெல்லிய ஸ்டெப்னி எல்லாம் சேர்ந்த ஏற்பாடு ரன்-ஃபிளாட்டைவிட மேலானது. இதில் ஸ்டெப்னியை மட்டும் விட்டுவிட்டால் என் வாதம் நிற்காது. ரன்-ஃபிளாட்டிலேயே இருக்க வேண்டியவர்களும் உண்டு. அவர்கள் யார் என்பதற்குக் கடைசியில் வருவோம். எதற்கும் முன்னால், ஓடும் டயருக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சுமையைத் தாங்குவது காற்று

1887-இல் பெல்ஃபாஸ்ட் நகரின் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்றடைத்த ரப்பர் குழாயைப் பொருத்திப் பார்த்தார். மறுஆண்டு காப்புரிமையும் பெற்றார். ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845-இலேயே இதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தது பிறகுதான் தெரியவந்தது. இருவரும் கண்டுகொண்டது ஒன்றே: வண்டியின் பாரத்தை ரப்பரின் தலையில் கட்ட வேண்டியதில்லை, காற்றின் மேல் ஏற்றலாம். ரப்பரும் அதற்குள் ஓடும் நூலிழைகளும் எஃகுக் கம்பிகளும் அந்தக் காற்றைக் கட்டிவைக்கும் பை. இன்றைய டியூப்லெஸ் டயர் வரைக்கும் இந்த அடிப்படை மாறவில்லை.

ஒரு காரை எடுத்துக்கொள்வோம். அத்தியாயம் முழுக்க அதே கார்தான். நாலு பேரும் பெட்டிகளும் சேர்த்து 1,600 கிலோ. சக்கரத்துக்கு 400 கிலோ. டயரின் அளவு 205/55 ஆர்16, நம் ஊரில் நிறைய செடான் கார்களில் இருப்பது. காற்றழுத்தம் 33 பிஎஸ்ஐ. அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 2.3 கிலோ எடையைத் தாங்கும் தள்ளல். 400 கிலோவைத் தாங்க எத்தனை சதுர சென்டிமீட்டர் வேண்டும்? சுமார் 170. பக்கத்துக்கு 13 சென்டிமீட்டர் உள்ள ஒரு சதுரம். ஒரு சக்கரம் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ இவ்வளவுதான்.

இப்போது காற்று பாதியாகக் குறைகிறது என்று வையுங்கள். பாரம் குறையவில்லை, ஆகவே தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய இரட்டிப்பாக வேண்டும். அதற்காக டயர் இன்னும் சப்பையாகிறது. டயரின் பக்கச்சுவர், கடைக்காரர்கள் சைடுவால் என்பது, இன்னும் வெளியே பிதுங்குகிறது. காற்று முழுக்கப் போய்விட்டால் தாங்க எதுவும் இல்லை. 11 சென்டிமீட்டர் உயரமுள்ள அந்தச் சுவர், ரிம்மின் உலோக விளிம்புக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே மடிந்து நசுங்குகிறது.

நெளிவதால் பிறக்கும் சூடு

கம்பி ஒன்றை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் அந்த இடம் கைபொறுக்காத அளவுக்குச் சூடாகி, பிறகு ஒடிகிறது. ரப்பரும் வளையும்போது வாங்கிக்கொண்ட ஆற்றலை முழுக்கத் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதியை ஒவ்வொரு முறையும் சூடாக்கித் தனக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. இதை நெளிவு வெப்பம் என்று அழைப்போம். டயரின் கதையில் பாதிக்கு மேல் இந்த நெளிவு வெப்பத்தின் கதைதான்.

நம் காரின் டயர் ஒரு முறை சுற்றினால் சுமார் இரண்டு மீட்டர் நகர்கிறது. கிலோமீட்டருக்கு 500 சுற்று. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்குப் பதினொரு சுற்று. பக்கச்சுவரின் எந்த இடத்தை எடுத்துக்கொண்டாலும், அது தரைக்கு நேரே வரும்போது பிதுங்கி, மேலே போகும்போது நிமிர்கிறது. அதுவும் வினாடிக்குப் பதினொரு முறை. காற்று சரியாக இருந்தால் பிதுக்கம் சிறியது, பிறக்கும் சூடும் சிறியது, வீசும் காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடும். அழுத்தம் குறையக் குறைய ஒவ்வொரு நெளிவும் பெரிதாகிறது, சூடு வெளியேறும் வேகத்தைவிடச் சேரும் வேகம் கூடுகிறது. ரப்பர் நல்ல வெப்பக்கடத்தி அல்ல; சுவரின் நடுவில் பிறந்த சூடு எளிதில் வெளியே வருவதில்லை.

காற்றில்லாமல் கொஞ்ச தூரம் ஓட்டிய சாதாரண டயரை ரிம்மிலிருந்து கழற்றும்போது பஞ்சர் கடையில் ஒரு காட்சி தெரியும். டயருக்குள்ளே கறுப்புப் பொடி கொட்டிக்கிடக்கும். உள்சுவரில், நடுவுயரத்தில், சுற்றிலும் ஒரு வளையமாக ரப்பர் தேய்ந்து சொரசொரப்பாக இருக்கும். சில இடங்களில் நூலிழையே எட்டிப்பார்க்கும். பக்கச்சுவர் மடிந்து தன்னோடு தானே உரசிக்கொண்ட தடம் அது. வெளியிலிருந்து பார்த்தால் அந்த டயரில் ஆணி ஓட்டை ஒன்றைத் தவிரக் குறை எதுவும் தெரியாது. "ஒரு ஒட்டு போட்டுக் குடுங்க, போதும்" என்று கேட்பது அதனால்தான் ஆபத்து. ஓட்டையை அடைக்கலாம், வெந்துபோன சுவரை எதைக் கொண்டும் சரிசெய்ய முடியாது.

இந்தச் சூடு எவ்வளவு கொடியது என்பதை அமெரிக்கா 2000-ஆம் ஆண்டில் அறிந்தது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் பொருத்தப்பட்டிருந்த ஃபயர்ஸ்டோன் டயர்களில், தரையைத் தொடும் பட்டை ஓடும்போதே பிரிந்து வண்டிகள் கவிழ்ந்தன. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஆகஸ்டில் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. டயரின் வடிவமைப்பும் தயாரிப்பும் குற்றம்சாட்டப்பட்டன. கார் நிறுவனம் பரிந்துரைத்த 26 பிஎஸ்ஐ என்ற குறைந்த அழுத்தமும்தான். விபத்துகள் வெயில் மிகுந்த தென்மாநிலங்களில் குவிந்திருந்தன. வெயில், வேகம், பாரம், குறைந்த காற்று எல்லாம் சேரும் இடம் எப்படி இருக்கும் என்பது சித்திரை மாதத்து நெடுஞ்சாலையில் ஓட்டுகிற நமக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இதற்கு அமெரிக்கச் சட்டம் தேடிய மருந்தைக் கவனிக்க வேண்டும். எல்லாருக்கும் ரன்-ஃபிளாட் போடு என்று அது சொல்லவில்லை. காற்று குறைவது ஓட்டுநருக்குத் தெரியவேண்டும் என்றது. 2007 செப்டம்பர் முதல் அங்கே விற்பனையாகும் எல்லாப் புதிய கார்களிலும், அழுத்தம் பரிந்துரைத்த அளவிலிருந்து 25 விழுக்காடு குறைந்தால் விளக்கெரியும் உணரி கட்டாயமானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் புதிய கார்கள் எல்லாவற்றுக்கும் இது உண்டு. சில கார்களில் வால்வோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும் சிறு கருவி அழுத்தத்தை நேரடியாக அளந்து வானொலி அலையில் அனுப்புகிறது. மற்றவற்றில் தனிக் கருவி இல்லை. காற்று குறைந்த சக்கரம் சற்றே சிறுத்து, மற்ற மூன்றைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றுவதை ஏபிஎஸ் பிரேக்கின் உணரிகளே கண்டுபிடித்துவிடுகின்றன.

தடித்த சுவர்

ரன்-ஃபிளாட் டயரைத் தாங்குசுவர் டயர் என்று தமிழில் சொல்லலாம். பக்கச்சுவருக்குள்ளே, இருபுறமும், பிறை வடிவில் ஒரு தடித்த ரப்பர் பட்டை வைத்துக் கட்டியிருப்பார்கள். சாதாரண ரப்பரைவிட விறைப்பானது. நெளிவு வெப்பம் குறைவாகப் பிறக்கும்படியும், பிறந்த சூட்டைப் பொறுக்கும்படியும் கலந்து செய்தது. காற்று போனதும் இந்த இரு சுவர்களும் தூண்களாக நின்று 400 கிலோவைச் சுமக்கின்றன. டயரின் உள்விளிம்பில் இருக்கும் கம்பிவடம் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடாமல் இருக்க, ரிம்மின் மேடும் சற்று உயர்த்தி வார்க்கப்பட்டிருக்கும். வளைவில் திரும்பும்போது டயர் ரிம்மிலிருந்து நழுவாமல் இருப்பதற்கு இந்த மேடுதான் காவல்.

1986-இல் வந்த போர்ஷே 959 காரில் காற்றில்லாமலும் ஓடும் டயரும் அழுத்த உணரியும் சேர்ந்தே வந்தன. 1997-இல் வெளிவந்த ஐந்தாம் தலைமுறை கார்வெட்டில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு எல்லா வண்டிக்கும் ரன்-ஃபிளாட்டே போட்டார்கள். 2000-களில் பிஎம்டபிள்யூ அதைத் தன் கார்களில் பரவலாக்கியது. உணரி இல்லாமல் ரன்-ஃபிளாட் போடுவதில்லை என்பதற்குக் காரணம் எளிது: சுவர் இவ்வளவு விறைப்பாக இருக்கும்போது காற்று போனது பார்வைக்கும் தெரியாது, ஸ்டியரிங்கிலும் தெரியாது. தெரியாமலே 120-இல் ஓட்டினால் சீக்கிரமே டயர் எரிந்து கிழியும்.

இதே சிக்கலுக்கு மிஷ்லின் வேறொரு வழி கண்டது. பாக்ஸ் என்று பெயர். ரிம்மின் மேல் ஒரு வளையத்தை மாட்டி, காற்று போனால் டயரின் உட்புறம் அதன்மேல் உட்காரும்படி செய்தார்கள். மணிக்கு 88 கிலோமீட்டர் வேகத்தில் 200 கிலோமீட்டர் ஓடும் என்றார்கள். பொறியியலாகப் பார்த்தால் தடித்த சுவரைவிட அழகான தீர்வு. ஆனால் அதற்கென்று தனி ரிம், தனி டயர், கழற்றி மாட்டத் தனி இயந்திரம் வேண்டியிருந்தது. அதை மாற்றத் தெரிந்த கடையைத் தேடி அமெரிக்காவில் வண்டி உரிமையாளர்கள் அலைந்தார்கள். 2000-களின் இறுதியில் புதிய கார்களுக்கு அதை உருவாக்குவதை மிஷ்லின் நிறுத்தியது. அந்த டயர் சாலையில் தோற்கவில்லை. கடைகள் போதாமல் தோற்றது. நம் முடிவுக்கு இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

250, 150, 50

ஷோரூமில் சொல்லும் "80 கிலோமீட்டர்" என்பது ஒரு சோதனை அளவு. காற்றே இல்லாமல், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில், 80 கிலோமீட்டர் தாங்கவேண்டும். உண்மைச் சாலையில் அது நீளும், குறுகும். பிஎம்டபிள்யூ தன் பழைய 3 சீரிஸ் காரின் கையேட்டில் இதை ஒளிக்காமல் எழுதியிருந்தது. ஒருவர் அல்லது இருவர் மட்டும், சாமான் இல்லாமல் போனால் ஏறத்தாழ 250 கிலோமீட்டர். அதே ஆட்களோடு சாமானும் இருந்தால் 150. முழுப் பாரம் ஏற்றியிருந்தால் 50.

ஐந்து மடங்கு வேறுபாடு! ஆனால் கார் ஐந்து மடங்கு கனமாகிவிடவில்லை. அதிகம் போனால் கால் பங்கு கூடியிருக்கும். பாரம் கொஞ்சம் கூடினால் நெளிவு கூடுகிறது, நெளிவு கூடினால் சூடு கூடுகிறது, சூடேறிய ரப்பர் இளகி இன்னும் அதிகமாக நெளிகிறது. ஒன்றை ஒன்று ஊட்டி வளர்க்கும் இந்தச் சுழலில் சிறிய கூடுதல் பாரமும் ஆயுளைப் பெரிதாக வெட்டிவிடுகிறது. குடும்பத்தோடு, பெட்டிகளோடு, கோடை வெயிலில் ஊருக்குப் போகும்போதுதான் நமக்கு நீண்ட பயணமே வாய்க்கிறது. ரன்-ஃபிளாட் மிகக் குறைவாகத் தாங்கும் நிலைமையும் அதுவேதான்.

ஆணியும் பள்ளமும்

டயருக்கு வரும் கேடுகளில் ஒன்று, ஆணி, திருகு, கம்பித்துண்டு ஏறுவது. தரையைத் தொடுவது கடைக்காரர்கள் பட்டன் என்று சொல்லும் வெளிப்பட்டை மட்டுமே என்பதால் இவை ஏறுவதும் பெரும்பாலும் அங்கேதான். முன்சக்கரம் படுத்துக்கிடக்கும் ஆணியைத் தட்டி நிமிர்த்த, பின்சக்கரம் அதன்மேல் ஏறுவது உண்டு. பின் டயரே அதிகம் பஞ்சராவதற்கு இது ஒரு காரணம். டியூப்லெஸ் டயரில் ஏறிய ஆணியை ரப்பர் இறுகப் பிடித்துக்கொள்வதால் காற்று மெதுவாகத்தான் கசியும். மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில். பசை தடவிய ரப்பர் திரியை ஓட்டைக்குள் செருகி, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட்டால் வேலை முடிந்தது.

இன்னொன்று பள்ளம். வேகமாகப் போகும் சக்கரம் பள்ளத்தின் கரையில் மோதும்போது, அந்தக் கரைக்கும் ரிம்முக்கும் நடுவே பக்கச்சுவர் நசுங்கி, உள்ளேயிருக்கும் நூலிழைகள் அறுகின்றன. மறுநாள் சுவரில் கொழுக்கட்டை அளவில் ஒரு புடைப்பு. எந்த நேரமும் அது வெடிக்கலாம். ஒட்டுப் போட வழியில்லை. கூரான கல்லோ இரும்போ சுவரைக் கிழித்தாலும் அப்படியே. சிலவேளை டயர் தப்பி ரிம் கோணிவிடும், அல்லது விரிசல் விடும். சுவர் விறைப்பாக இருப்பதால் ரன்-ஃபிளாட் எளிதில் நசுங்குவதில்லை. ஆனால் அடியை விழுங்கிக்கொள்ளும் தன்மையும் அதற்குக் குறைவு. சுவர் வாங்காத அடியை ரிம்மும் சஸ்பென்ஷனும் உள்ளே இருப்பவர்களின் முதுகும் வாங்கிக்கொள்கின்றன. ரன்-ஃபிளாட் காரில் போனால் ஒவ்வொரு குழியும் தெரிகிறது என்று சொல்கிறவர்கள் மிகைப்படுத்தவில்லை.

இந்திய அரசு 2020 ஜூலையில் மோட்டார் வாகன விதியைத் திருத்தியது. ஓட்டுநரோடு ஒன்பது இருக்கைக்கு மேற்படாத, 3.5 டன்னுக்கு மிகாத பயணிகள் வண்டியில் டியூப்லெஸ் டயரும் அழுத்த உணரியும் பஞ்சர் போடும் சாமானும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை. அக்டோபர் 1 முதல் அமல். மின்கார்களில் பேட்டரிக்குக் கூடுதல் இடம் கிடைக்கும் என்பதும் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஆணிக்கு இந்த விதி நல்ல ஏற்பாடுதான். பள்ளத்துக்கு அதில் பதில் இல்லை. சாமான் பையில் வரும் வெள்ளைத் திரவம் ரப்பர் பாலும் உறையாமல் காக்கும் பொருளும் கலந்தது. பட்டன் பகுதியில் விழுந்த சில மில்லிமீட்டர் ஓட்டையை அடைக்கும். கிழிந்த சுவரில் ஊற்றினால் தரையில்தான் வழியும்.

தொழுதூர் அருகே, இரவில்

நம் கார் சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிறது. இரவு பதினொரு மணி. உளுந்தூர்பேட்டையைத் தாண்டி, தொழுதூரை நெருங்கும்போது ஏதோ ஆகிறது. பெரம்பலூருக்கு இன்னும் 30 கிலோமீட்டர்போல இருக்கிறது. திருச்சிக்கு 80-க்கும் மேல்.

ஆணி என்றால், 33 பிஎஸ்ஐ மெதுவாக இறங்கி 25-ஐ நெருங்கும்போது உணரி விளக்கெரிகிறது. சாதாரண டயரானாலும் ரன்-ஃபிளாட்டானாலும் செய்யவேண்டியது ஒன்றேதான்: வேகத்தைக் குறைத்து, வெளிச்சமுள்ள ஒரு பெட்ரோல் பங்க் வரை போய், கையிலிருக்கும் கருவியால் காற்றடித்து, முடிந்தால் திரி போட்டுக்கொண்டு பயணத்தைத் தொடர்வது. இங்கே ரன்-ஃபிளாட்டுக்குக் கொடுத்த கூடுதல் விலைக்குக் கூடுதல் பயன் ஏறக்குறைய எதுவுமில்லை. காரைக் காப்பாற்றியது தடித்த சுவர் அல்ல, உணரி. அது இரண்டு காரிலும் இருக்கிறது. ரன்-ஃபிளாட்தானே என்ற தைரியத்தில் காற்றில்லாமலே ஓட்டியவருக்கோ இழப்பு கூடும். தடித்த சுவர் உள்ளுக்குள் எவ்வளவு வெந்தது என்பதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே காற்றில்லாமல் ஓடிய ரன்-ஃபிளாட்டைச் சரிசெய்வதைவிட மாற்றிவிடுவதே பாதுகாப்பு. சிறிய ஓர் ஆணி ஒரு முழு டயரை விழுங்கிவிடும் என்று சொல்லலாம்.

சுவர் கிழிந்தது என்றால் கதை வேறு. ரன்-ஃபிளாட் கார் முழுப் பாரத்தோடு 50 கிலோமீட்டர் போகலாம் என்று வைப்போம். பெரம்பலூர் வந்துவிடலாம், திருச்சி சந்தேகம். ஆனால் நள்ளிரவில் இருட்டான சாலையோரத்தில் நிற்காமல் ஓர் ஊருக்குள் வந்து சேர்வது சிறிய விஷயமல்ல; அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அடுத்தது மறுநாள் காலை. 205/55 ஆர்16 சாதாரண டயர் மாவட்டத் தலைநகரங்களில் தேடினால் கிடைக்கக்கூடியது. அதே அளவில் ரன்-ஃபிளாட், அதுவும் மற்ற மூன்றோடு ஒத்துப்போகும் கம்பெனியில், கேட்டவுடன் எடுத்துத் தரும் சரக்கல்ல. மாநகரத்திலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். 80 கிலோமீட்டர் என்ற எண்ணைக் கார் எவ்வளவு தூரம் ஓடும் என்று மட்டும் பார்க்கக் கூடாது. அடுத்த டயர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் அந்த இரண்டு தூரமும் பெரும்பாலும் பொருந்திவிடும். இங்கே பல நேரங்களில் பொருந்தாது.

சாதாரண டயர், ஸ்டெப்னி இல்லை, சுவர் கிழிந்தது என்றால்? அதுதான் மூன்றிலும் மோசமான நிலை. திரவம் உதவாது, திரி உதவாது, கார் அங்கேயே நிற்கும். இழுவை வண்டிக்குக் காத்திருக்க வேண்டியதுதான். ரன்-ஃபிளாட்டைக் கழற்றிவிட்டு வெறும் சாதாரண டயரை மாட்டிக்கொண்டு, டிக்கியைக் காலியாகவே வைத்திருப்பவர்கள் தங்களை அறியாமல் இந்த நிலைக்குள் போகிறார்கள். அதே காரில் மெல்லிய ஸ்டெப்னி ஒன்று இருந்தால், இருபது முப்பது நிமிடம் ஜாக்கியோடு மல்லுக்கட்டிய பிறகு, 80 வேகத்தைத் தாண்டாமல் அன்றிரவே திருச்சி போய்ச் சேரலாம். ரிம் விரிசல் விட்டிருந்தாலும் அது கைகொடுக்கும். எந்த ரன்-ஃபிளாட்டும் உடைந்த ரிம்மைச் சரிசெய்வதில்லை.

வேகத்தில் காற்று போனால்

என் முடிவுக்கு எதிரான மிக வலுவான வாதம் இது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் டயர் சட்டென்று காற்றிழந்தால் ரன்-ஃபிளாட் வடிவம் குலையாமல் நிற்கிறது, ரிம்மைவிட்டு நழுவுவதில்லை, ஸ்டியரிங் ஓட்டுநர் கையில் இருக்கிறது. உயிர் பிழைக்கும் விஷயத்தில் விலையைப் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ரன்-ஃபிளாட்டின் உண்மையான பெருமை, 80 கிலோமீட்டர் ஓடுவதைவிட, அந்த முதல் சில வினாடிகளில் காரை நேராக வைத்திருப்பதுதான் என்றே நானும் நினைக்கிறேன்.

ஆனால் திடீர் வெடிப்பு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி திடீரென்று வருவதல்ல. குறைந்த காற்றில் பல நாள் ஓடி, சூட்டில் வெந்து, இழைகள் விட்டுப்போன டயர் கடைசியில் வெடிக்கிறது. அல்லது பழைய பள்ளத்தின் புடைப்பு அன்றைக்கு உடைகிறது. அல்லது மொட்டையாகத் தேய்ந்த டயரில் கல் குத்துகிறது. உணரியின் விளக்கை மதித்து, மாதம் ஒருமுறை டயர் குளிர்ந்திருக்கும் காலையில் காற்றைச் சரிபார்த்து, புடைப்பு தெரிந்தவுடன் டயரை மாற்றுகிறவருக்கு இந்த ஆபத்தின் பெரும்பங்கு முன்பே கழிந்துவிடுகிறது. மீதியிருப்பது, சாலையில் கிடக்கும் இரும்பு ஒரு நொடியில் டயரைக் கிழிப்பது. அங்கே ரன்-ஃபிளாட்டே மேல். அந்த மீதிக்காக நாலு டயருக்கும் கூடுதல் விலையும் நாள்தோறும் கூடுதல் அதிர்வும் தகுமா என்பது, ஒருவர் எந்தச் சாலையில் எவ்வளவு வேகத்தில் ஓட்டுகிறார் என்பதைப் பொறுத்தது. விரைவுச்சாலையில் வாரம்தோறும் 120-இல் போகிறவரின் கணக்கும், ஊருக்குள் நாற்பதில் ஓட்டுகிறவரின் கணக்கும் ஒன்றல்ல.

இடம் இல்லை என்ற மறுப்பும் உண்டு. பேட்டரிக்காகவோ சைலன்சருக்காகவோ ஸ்டெப்னிக் குழியே இல்லாமல் செய்த கார்கள் இருக்கின்றன. அவற்றில் ஸ்டெப்னியை டிக்கியில் நிறுத்தி நன்றாகக் கட்டித்தான் வைக்க வேண்டும்; கட்டாமல் வைத்தால் விபத்தில் அதுவே எறிகுண்டாகும். அதற்கு மனமில்லாதவர்கள் உள்பக்கம் பிசின் பூசிய, ஐந்து மில்லிமீட்டர் வரையான ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும் டயரைப் பரிசீலிக்கலாம். சுவர் சாதாரணமாக இருப்பதால் அதில் அதிர்வு குறைவு. ஆணிக்கு அது போதும்; பள்ளத்துக்குப் போதாது.

மாறுகிறவர்களும் மாறக்கூடாதவர்களும்

மாறுவதென்றால் நாலு டயரையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒரு பக்கம் விறைப்பும் ஒரு பக்கம் நெகிழ்வும் இருந்தால் வளைவிலும் பிரேக்கிலும் கார் எதிர்பாராத விதத்தில் நடந்துகொள்ளும். ரன்-ஃபிளாட்டுக்காக வார்த்த ரிம்மில் சாதாரண டயர் உட்காரும். பாரக் குறியும் வேகக் குறியும் பழைய டயரில் இருந்ததற்குக் குறையக்கூடாது. உணரியைக் கழற்றிப் போடுவதும் அணைத்துவைப்பதும் கூடவே கூடாது. வாரண்டி பற்றி டீலரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. மெல்லிய ஸ்டெப்னி முன்சக்கரத்தின் பெரிய பிரேக்கில் இடிக்காமல் பொருந்துகிறதா என்று வாங்கும் கடையிலேயே ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட வேண்டும். திரவப் பாட்டிலின் மேல் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும்; அதற்குப் பிறகு உள்ளேயிருப்பது கட்டிதட்டிப்போயிருக்கலாம். எதிர்த்திசையில் மாறுவது, அதாவது உணரி இல்லாத பழைய காருக்கு ரன்-ஃபிளாட் மாட்டுவது, செய்யவே கூடாத காரியம்.

இரவில் தனியாக நெடுந்தூரம் ஓட்டவேண்டியிருக்கும் பெண்கள், முதுகுவலியால் குனிய முடியாதவர்கள், கைகளால் மட்டுமே இயக்கும்படி மாற்றியமைத்த காரை ஓட்டும் மாற்றுத்திறனாளிகள், பாதுகாப்புக் காரணத்தால் எங்கும் நிற்கக்கூடாதவர்கள் ஆகியோருக்குச் சாலையோரத்தில் இருபது நிமிடம் என்பது வெறும் சிரமமல்ல, ஆபத்து. டிக்கியில் ஸ்டெப்னி இருந்தாலும் அவர்களால் அதை மாட்ட முடியாது, அல்லது மாட்ட நிற்கக்கூடாது. அவர்கள் ரன்-ஃபிளாட்டிலேயே இருப்பது சரி. வாங்கும்போது சுவரில் அதற்கான குறி இருக்கிறதா என்று அவர்களே பார்க்க வேண்டும்: பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்எஃப்டி என்றும், கான்டினென்டல் எஸ்எஸ்ஆர் என்றும், மிஷ்லின் ஜெட்பி என்றும் போடுகின்றன. டயரின் சுவரில் நாலு இலக்க எண் ஒன்றும் இருக்கும். முதல் இரண்டு தயாரான வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2325 என்றால் 2025-இன் 23-ஆவது வாரம். மெதுவாக விற்கும் இந்த வகை டயர் கடையில் நெடுநாள் கிடக்க வாய்ப்புண்டு என்பதால், பணம் கொடுக்கும் முன் நாலு டயரிலும் அந்த எண்ணைப் படித்துப் பார்க்கவேண்டும்.